பெயிண்டிங் மேஸ்திரிக்கும் ஒரு பதிவு எண் வேண்டும்

திருவொற்றியூர் காலாடிப்பேட்டையில் ஒரு வீடு. 600 சதுர அடி. கூடம், இரண்டு அறை, சமையல்கட்டு. மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். உள்பக்கம் முழுக்க பெயிண்ட் அடிக்க, மெட்டீரியலோடு சேர்த்து 32,000 ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் இன்னொருவர் வந்து பார்த்துவிட்டு, 21,000-க்கு முடித்துத் தருகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்கார அம்மா எனக்கு போன் செய்தார். “இன்னா மேஸ்திரி, அதே வூடு, அதே செவுரு. பதினோராயிரம் எப்டி வித்தியாசம் வரும்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வீடு வீடாக இதே கேள்விதான் என்னைக் கேட்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்திலேயே பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்கிறவன் என்ற முறையில், கணக்கை ஒளிக்காமல் இங்கே எழுதுகிறேன்.

600 சதுர அடி வீட்டில் அடிக்க வேண்டிய பரப்பு 600 சதுர அடியோடு நிற்காது. சுவர்களும் மேல்தளமும் சேர்த்து, கதவு ஜன்னலைக் கழித்தபிறகும், 2,000 சதுர அடி வந்துவிடும். சாதா ரக எமல்ஷன் ஒரு லிட்டர் வாங்கினால், இரண்டு கோட்டு அடிக்கும்போது 60-70 சதுர அடிக்கு வரும். ஆக 30 லிட்டர். எங்கள் பக்கத்துக் கடை விலையில் அது ஏறக்குறைய 6,000. பட்டி இரண்டு மூட்டை 2,000. பிரைமர் ஒரு பக்கெட் 2,400. கதவுக்கும் கிரில்லுக்கும் எனாமல், ரெட் ஆக்ஸைடு 2,000. எமரி பேப்பர், டேப், தரையில் விரிக்கிற ஷீட்டு, ரோலர், தின்னர் என்று சில்லறைச் செலவு 1,200. மெட்டீரியல் மட்டும் 13,600 ஆயிற்று. இனி கூலி. பழைய பெயிண்டைச் சுரண்டி, வெடிப்பை அடைத்து, பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட்டு முடிக்க நாலு ஆளுக்கு நாலு நாள் வேண்டும். ஆளுக்கு 1,000 என்றால் 16,000. மொத்தம் 29,600. எனக்கு நிற்பது 2,400. வண்டி பெட்ரோலும் ஏணி வாடகையும், ஆறு மாதம் கழித்து “மேஸ்திரி, இங்க கொஞ்சம் டச்சப் பண்ணிக் குடு” என்று கூப்பிடும்போது போய் வருகிற செலவும் இதற்குள்ளேதான்.

அப்படியானால் 21,000-க்கு ஒருவர் எப்படிச் செய்கிறார்? கூலியைக் குறைக்க அவராலும் முடியாது. ஆயிரத்துக்குக் கீழே சொன்னால் தெரிந்த ஆள் வரமாட்டான். அதனால் அவர் நாளைக் குறைப்பார். நாலு நாள் வேலை இரண்டரை நாளாகும். கூலி பத்தாயிரத்தில் முடியும். பிரைமர் பக்கெட் வீட்டு வாசலுக்கே வராது. பட்டி கண்ணுக்குப் படுகிற இடத்தில் மட்டும் ஒரு மூட்டை. பெயிண்டில் டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றி, 30 லிட்டர் வேலையை 18 லிட்டரில் முடிப்பார், அது 3,600. எனாமல் ஒரே கோட்டு. எல்லாம் கூட்டினால் 16,500 தாண்டாது. அவருக்கு நிற்பது 4,500. குறைந்த விலை சொன்னவர் என்னைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார். கல்யாணத்தன்று இரண்டு சுவரும் ஒரே மாதிரிதான் பளபளக்கும். வித்தியாசம் அடுத்த ஐப்பசி மழையில் தெரியும். அப்போது அவருடைய போன் நம்பர் மாறியிருக்கும்.

அந்த வேலை அவருக்குத்தான் போயிற்று. அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். என் கணக்கு சரியா, மற்றவர் கணக்கு சரியா என்று பார்த்துச் சொல்ல அந்த அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? எங்கள் இருவரில் யார் தொழில் தெரிந்தவர் என்று காட்ட ஒரு அட்டையோ நம்பரோ எங்கேயாவது இருக்கிறதா? இதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால் எங்கள் பக்கத்துச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணா நகருக்கும் அடையாறுக்கும் போடுகிற சதுர அடி ரேட்டை அப்படியே கொண்டுவந்து காசிமேட்டில் போட்டால் வேலை நிற்காது. இங்கே கடல் பக்கத்திலேயே இருக்கிறது, நிலத்தடித் தண்ணீரிலும் உப்பு. தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குச் சுவர் ஓதம் வாங்கும், உப்பு பூக்கும். அதன்மேல் எந்தக் கம்பெனி பெயிண்டை அடித்தாலும் அப்பளம் மாதிரி உப்பிக் கழன்று வரும். சரியான வழி ஒன்றுதான். அந்த மூன்றடிக் காரையைக் கொத்தி எடுத்து, வாட்டர்புரூஃப் கலந்து புதுசாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதற்கப்புறம் பட்டிக்குப் போக வேண்டும். புதுப்பூச்சு முழுசாகக் காய 28 நாள் விடச் சொல்வார்கள். வாடகைக்கு விடுகிற வீட்டில் யார் 28 நாள் பூட்டி வைப்பார்கள்? ஒரு மாத வாடகை போய்விடுமே. அதனால் ஓதத்தின் மேலேயே அடிக்கச் சொல்கிறார்கள், அடிக்கிறோம், மறு வருடம் மறுபடியும் அடிக்கிறோம். கம்பெனிக்காரர்கள் டப்பாவில் போடுகிற வருடக் கணக்கு வாரண்டியும் ஓதம் வாங்கும் சுவருக்குப் பொருந்தாது. அந்தச் சின்ன எழுத்தை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுகிறவர் கிடையாது.

உப்போடு கரியும் உண்டு. ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வெள்ளை அடித்த சுவர் மூன்று மாதத்தில் சாம்பல் நிறமாகிற காலம் ஒன்று இருந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் குவித்து வைத்திருந்த காலம் அது. உயர் நீதிமன்றம் தலையிட்டபின் 2011-ல் அது நின்றது. எங்களுக்குத் தூசு குறைந்தது. அந்த நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. அனல் மின் நிலையச் சாம்பல் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த ஊருக்கு இதுவும் சேர்ந்தது. கத்திவாக்கத்தில் வெளிச்சுவர் அடிக்கிறோம் என்றால், பெயிண்டைத் தொடுவதற்கு முன் சுவரைக் கழுவவே ஒரு நாள் கூலி போகும். தூசின் மேல் அடித்த பெயிண்ட் சுவரைப் பிடிக்காது.

2023 டிசம்பரை எண்ணூர்க்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கத்திலிருந்து கச்சா எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரைக்கும் பரவியது. படகும் வலையும் கருத்துப்போனதைப் பத்திரிகையில் எல்லோரும் பார்த்தார்கள். தண்ணீர் நின்ற மட்டத்துக்கு வீட்டுச் சுவரில் ஒட்டிய எண்ணெய்க் கறையைப் பெயிண்டர்கள் நாங்கள் பார்த்தோம். எண்ணெய் ஊறிய காரையில் தண்ணீர்ப் பெயிண்டும் பட்டியும் ஒட்டாது. சோப்பு போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து மூடினாலும் சில வாரத்தில் மஞ்சளாகக் கசிந்து வெளியே வரும். காரையைக் கொத்தி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அரசு மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. சுவருக்கு என்று தனியாக யாரும் கணக்குப் போடவில்லை. எர்ணாவூரில் எத்தனையோ வீட்டில் அந்தப் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு, கொத்தாமல் மேலே அடித்த பெயிண்டுக்குப் போயிற்று. எதைச் செய்யக்கூடாது என்று சொல்லக்கூடிய ஆள் கிடைக்காமல் போனதுதான் காரணம்.

இதைச் சொல்லும்போது, திருவொற்றியூர் அரிவாக்குளம் நினைவுக்கு வருகிறது. 2021 டிசம்பரில் அங்கே 24 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். ஒரு கட்டடத்தின் விரிசலை முதலில் விரலால் தொட்டுப் பார்ப்பவன் பெயிண்டர். பூச்சு வெடிப்பு எது, மேல்தளத்தில் கம்பி துருப்பிடித்து உப்பிய வெடிப்பு எது, பீமில் குறுக்கே ஓடும் விரிசல் எது என்று அனுபவம் உள்ள மேஸ்திரிக்குத் தெரியும். முதல் வகையைப் பட்டி வைத்து மூடலாம். மற்ற இரண்டின் மேல் பட்டி வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு குடியிருப்பதற்குச் சமம். “இத மூடாதீங்கம்மா, மொதல்ல ஒரு இன்ஜினியர கூப்ட்டு காட்டுங்க” என்று சொல்லிவிட்டு வேலையை விட்டு வந்த இடங்கள் எனக்கு உண்டு. இரண்டரை நாளில் ஓட வேண்டியவருக்கு அதைப் பார்க்கவே நேரம் இருக்காது.

பெயிண்ட் எப்படித் தேர்வாகிறது என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கெட்டுக்குள்ளும் பட்டி மூட்டைக்குள்ளும் டோக்கன் இருக்கும். இப்போது அது க்யூஆர் ஸ்டிக்கராகிவிட்டது. செல்போனில் ஸ்கேன் செய்தால் பெயிண்டர் கணக்கில் புள்ளி ஏறும், பிறகு பணமாகும். எல்லாக் கம்பெனிக்கும் இது பொதுவான வழக்கம். செய்யாறு உட்பட ஆறு இடத்தில் தொழிற்சாலை போட்ட பிர்லா ஓபஸ் 2024-ல் சந்தைக்கு வந்த பிறகு, பெயிண்டரைப் பிடிக்க எல்லாக் கம்பெனியும் கூடுதலாக ஓடுகிறது. டோக்கன் பணம் கூலிக்காரனுக்குக் கிடைப்பதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் பல வீட்டில் அதுதான் அடுப்பை எரியவைக்கிறது. ஆனால் அந்தப் பணம் வீட்டுக்காரர் கொடுக்கும் விலைக்குள் இருந்துதான் வருகிறது. அவருக்கு அது தெரியாது. உப்புச் சுவருக்கு எது ஏற்றது என்று பார்க்காமல், எந்தப் பக்கெட்டில் டோக்கன் பெரிசு என்று பார்த்துச் சொல்லும் ஆளிடம் அவர் மாட்டிக்கொண்டால் யாரிடம் போய் முறையிடுவார்?

இப்போது லைசென்சுக்கு வருகிறேன். ஒரு வீட்டில் மூன்று பேர் வேலை செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயரிங் செய்கிறவருக்கு மின் கம்பியாள் தகுதிச் சான்றிதழ் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கென்றே தனி வாரியம், தேர்வு எல்லாம் உண்டு. குடிநீர்க் குழாய் இணைப்புக்கு மெட்ரோ வாட்டரில் பதிவு செய்த பிளம்பர் உண்டு. மூன்று மாடி வெளிச்சுவரில் சாரம் கட்டி ஆட்களை ஏற்றுகிற எனக்கு எதுவும் கிடையாது. நாளைக்கு ஒரு செல்போனும் ஒரு ரோலரும் வாங்குகிற யாரும் பெயிண்டிங் காண்ட்ராக்டர்தான்.

காகிதமே இல்லை என்று சொல்லவில்லை. உத்யம் பதிவு இருக்கிறது. 2020-லிருந்து ஆதாரை வைத்து இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம், இதற்கும் ஏஜென்ட்டிடம் காசைக் கொடுத்து ஏமாறுகிறார்கள். அது சிறுதொழில் செய்கிறேன் என்று நாமே சொல்லிக்கொள்ளும் சான்று, அவ்வளவுதான். தொழில் தெரியுமா என்று அதில் யாரும் சோதிப்பதில்லை. ஜிஎஸ்டி இருக்கிறது. வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் வேலை எடுத்தால் கட்டாயம். மெட்டீரியலோடு வாரம் ஒரு வீடு வீதம் செய்கிறவனுக்கே வருடத்தில் 16-17 லட்சம் கணக்கில் வந்துவிடும். கையில் நிற்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜிஎஸ்டி எடுத்தவன் 32,000 ரூபாய் பில்லில் 18 சதவீதம், அதாவது 5,760 ரூபாய் கூடுதலாகக் கேட்க வேண்டும். பெயிண்டுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். எங்கள் செலவில் பாதிக்கு மேல் கூலி. அதில் கழிக்க ஒன்றுமில்லை. ஆகவே நேர்மையாக வளர்கிறவன் விலையில் தோற்கிறான். பலரும் வேண்டுமென்றே இருபது லட்சத்துக்குக் கீழே நின்று, பில் கொடுக்காமல், கையில் காசு வாங்கிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறார்கள். பில் இல்லாததால் வீட்டுக்காரர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடிவதில்லை. 5 லட்சம் வரைக்கும் அங்கே புகாருக்குக் கட்டணமே கிடையாது. கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தால் போதும், அதுதான் இருப்பதில்லை.

தொழிலாளர் சட்டங்களும் எங்களைத் தாண்டிப் போய்விடுகின்றன. 1970-ம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் லைசென்ஸ் என்பது 20 ஆள் வைத்திருப்பவருக்கு. 2020-ல் வந்த புதிய சட்டத் தொகுப்பு அதை 50 ஆக்கியது. 1996-ம் வருடக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் பத்து ஆள் இருந்தால்தான் நிறுவனம் என்று ஏற்றுக்கொண்டது. என்னிடம் இருப்பது நாலு பேர். வடசென்னையில் வீட்டு பெயிண்டிங் செய்யும் அனேகமாக எல்லோரிடமும் நாலு, ஐந்து, மிஞ்சினால் ஆறு பேர். சட்டம் எண்ணத் தொடங்குகிற இடத்துக்குக் கீழேயே எங்கள் தொழில் முழுவதும் நடக்கிறது.

அதன் விலையைக் கூலிக்காரன் உடம்பில் கட்டுகிறான். எங்கள் தெருக்களில் மின் கம்பி மாடி பால்கனியைத் தொட்டுக்கொண்டு போகும். வெளிச்சுவருக்கு நீளமான அலுமினியக் கம்பில் ரோலரை மாட்டி அடிப்பார்கள். என்னோடு தொழில் பழகிய ஒருவர் ராயபுரத்தில் ஒரு சந்தில் அப்படி அடிக்கும்போது கம்பு மின் கம்பியில் பட்டு, வலது கை முழங்கைக்குக் கீழே போயிற்று. வேலை எடுத்தவர் முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார், அதோடு சரி. வீட்டுக்காரர், “நான் மேஸ்திரிக்குக் காசு குடுத்துட்டேன், எனக்கு இன்னா தெரியும்?” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. வேலையிடத்து விபத்துக்கு இழப்பீடு தரவேண்டும் என்ற சட்டம் 1923-லேயே வந்தது. இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அதைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் யாரிடம் கேட்பது? வேலை எடுத்தவருக்கு ஒரு விலாசம் பதிவில் இருந்தால்தானே வழக்கு நிற்கும்? மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டி எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தச் சொல்லலாம் என்பதோ, அலுமினியத்துக்குப் பதில் மூங்கிலோ ஃபைபர் கம்போ வைக்கலாம் என்பதோ அங்கே வேலை செய்த ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. பெயிண்டரும் அதில் சேரலாம். 18-லிருந்து 60 வயதுவரை. விபத்து உதவி, பிள்ளைகள் படிப்பு, திருமணம், பிரசவம், அறுபதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. இந்தியாவில் மற்ற பல மாநிலங்கள் யோசிப்பதற்கு முன்பே இங்கே போராடி வாங்கியது அது. ஆனால் காலையில் தெருமுனையில் வேலைக்காக நிற்கும் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப்பேரிடம் அட்டை இருக்காது, மீதிப்பேரில் பலர் புதுப்பித்திருக்க மாட்டார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் அந்த வாரியத்தின் பெயரையே கேட்டதில்லை. அட்டை எடுத்துக் கொடுக்க வேண்டியது வேலைக்குக் கூப்பிடுகிற எங்கள் பொறுப்பு என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை.

மூச்சுக்குள் போகிற தூசையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டது. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் எங்கள் பக்கத்துப் பழைய வீட்டுக் கதவிலும் கிரில்லிலும் அடுக்கடுக்காக இருக்கிறது. அதை நாங்கள் எமரி வைத்து வறட்டுத் தேய்ப்புத் தேய்க்கிறோம். தூசு எங்கள் நெஞ்சுக்கும் போகிறது, அந்த வீட்டில் தவழும் குழந்தை கைக்கும் போகிறது. அமெரிக்காவில் 1978-க்கு முந்தைய வீட்டில் இந்த வேலையைச் செய்ய, பயிற்சிச் சான்று பெற்றவர்களுக்கு மட்டும்தான் 2010-லிருந்து அனுமதி. இங்கே ஈரத்துணி வைத்துத் தேய்க்க வேண்டும், முகத்துக்கு மாஸ்க் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த ஒரு நாள் வகுப்பைக்கூட நான் பார்த்ததில்லை.

லைசென்ஸ் என்றதும் என் தொழிலில் இருப்பவர்களே பயப்படுகிறார்கள். “இன்னொரு ஆபீஸ், இன்னொரு ஏஜென்ட், இன்னொரு கவரு” என்கிறார்கள். அந்தப் பயம் அனுபவத்தில் வந்தது, அதை அலட்சியப்படுத்தக்கூடாது. கலிபோர்னியாவில் பெயிண்டிங்குக்கென்றே தனி லைசென்ஸ் வகை இருக்கிறது. நாலு வருட அனுபவம், தேர்வு, 25,000 டாலருக்கு உத்தரவாதப் பத்திரம் எல்லாம் கேட்கிறார்கள். ஆயிரம் டாலருக்குக் குறைந்த சின்ன வேலைக்கு மட்டும் விலக்கு. அதை அப்படியே இங்கே இறக்கினால் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த நல்ல தொழிலாளி வெளியே நிற்பான்; தேர்வு எழுதத் தெரிந்த புரோக்கர் உள்ளே வந்து, அவனையே கூலிக்கு வைத்துக்கொள்வான். பதிவு இருந்தால் மட்டும் தரம் வந்துவிடும் என்பதும் கிடையாது. 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கை வைத்தாலே சிமெண்ட் பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. அது எங்களைப் போன்ற நாலு பேர் கொண்ட குழு செய்த வேலை கிடையாது. டெண்டர் எடுத்துச் செய்த பெரிய வேலை.

ஆகவே எடை குறைந்த, ஆனால் பல் உள்ள ஒரு பதிவைக் கேட்கிறேன். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-லேயே மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. முதல் மண்டல அலுவலகம் எங்களுக்குப் பக்கம், ராயபுரத்துக்காரர்களுக்கு ஐந்தாவது மண்டலம். அங்கேயே மேஸ்திரியின் பெயர், விலாசம், போன் நம்பர் பதிவாகட்டும். கட்டணம் ஒரு நாள் கூலிக்கு மேல் போகக்கூடாது. எழுத்துத் தேர்வு வேண்டாம். அரசு ஐடிஐ-யில் ஒரு நாள் கூப்பிட்டு, ஒரு சுவரைக் காட்டி எது ஓதம், எது விரிசல் என்று கேட்கட்டும். சாரம் கட்டச் சொல்லி, பெல்ட்டையும் கயிற்றையும் மாட்டச் சொல்லிப் பார்க்கட்டும். தெரியாதவனுக்கு அங்கேயே சொல்லிக் கொடுத்து அடுத்த மாதம் வரச் சொல்லட்டும். தன்னிடம் வேலை செய்பவர்களின் நல வாரிய எண்ணைக் கொடுத்தால்தான் பதிவு புதுப்பிக்கப்படும் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டால், எந்த முகாமும் சாதிக்காததை அது சாதிக்கும். உள்சுவர் வேலைக்கு இது விருப்பமாக இருக்கட்டும். பத்தடிக்கு மேல் வெளிச்சுவரில் ஆளை ஏற்றும் வேலைக்குக் கட்டாயமாக்க வேண்டும். அங்கே போவது உயிர்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். புதுக் கட்டடத்துக்குக் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நல வாரியத்துக்குப் போகிறது. பழைய வீட்டுக்கு மறுபூச்சு அடிக்கும்போது ஒன்றும் போவதில்லை. பெயிண்டரின் பிழைப்பு பெரும்பாலும் மறுபூச்சில்தான். பெயிண்ட் கம்பெனிகள் ஏற்கெனவே ஒவ்வொரு பக்கெட்டிலும் டோக்கனுக்குப் பணம் ஒதுக்குகின்றன. அதில் ஒரு சிறு பங்கை வாரியத்தில் பெயிண்டர் பெயரில் விபத்துக் காப்பீட்டுக்குக் கட்டச் சொன்னால் கம்பெனி நொடித்துப்போகாது. புள்ளி ஏற்றுவதற்காக எங்கள் பெயரும் போன் நம்பரும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அரசாங்கத்திடம் இல்லாத பெயிண்டர் பட்டியல் அவர்களிடம் இருக்கிறது.

என் அப்பா ராயபுரத்தில் சுண்ணாம்பு அடித்தவர். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி வடிகட்டி, நீலம் கலந்து, பொங்கலுக்கு முன் தெருவையே வெள்ளையாக்குவார். அந்தக் காலத்தில் தெருவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். வேலை கெட்டால் வீட்டுக்கே வந்து கேட்பார்கள். அந்த முகப்பழக்கம்தான் அன்றைக்கு லைசென்ஸாக இருந்தது. இன்று வீட்டுக்காரருக்கு மேஸ்திரி யார் என்று தெரியாது, மேஸ்திரிக்குத் தன் ஆட்களின் ஊர் தெரியாது. அறிமுகம் போன இடத்தில் ஒரு பதிவு எண்ணாவது வர வேண்டும்.

அரசு அதைச் செய்யும்வரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தீபாவளி, பொங்கல் என்று அவசரம் வந்தபிறகு, ஈரச் சுவரில் அடிக்கச் சொல்லாதீர்கள். பங்குனி முதல் ஆவணி வரை காய்ந்த சுவர் கிடைக்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், எத்தனை லிட்டர், எந்த ரகம், எத்தனை கோட்டு, எத்தனை ஆள், எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். பக்கெட்டை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். வேலைக்கு வரும் ஆட்களின் நல வாரிய அட்டையைக் கேளுங்கள். வெளிச்சுவர் என்றால், பெல்ட்டும் கயிறும் வந்து சேர்ந்தபிறகுதான் ஆளைச் சாரத்தில் ஏற விடுங்கள்.